தராசு வீட்டு மாடியில் தொண்ணூற்று மூன்று டிகிரி

போன் அலறியபோது தராசு பாதி முகம்தான் சவரம் செய்திருந்தார். வலது கன்னம் வழவழவென்றிருந்தது. இடது கன்னத்தில் நுரை. திரையைப் பார்த்ததும் இரண்டு கன்னங்களும் ஒரே நிறமாகிவிட்டன.

‘எச்சரிக்கை! ஜங்ஷன் பாக்ஸ் வெப்பம் 71 டிகிரி. தீ அபாயம்.’

அதற்குக் கீழே எப்போதும்போல் ஒரு குட்டிச் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ‘இப்போதைய உற்பத்தி 2.8 கிலோவாட். இனிய ஞாயிறு!’

“என்னங்க அது சத்தம்?” சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

“ஒண்ணுமில்ல. ஆபீஸ் குரூப்ல எவனோ குட்மார்னிங் போட்டிருக்கான்.”

“குட்மார்னிங்குக்கா ஆலைச் சங்கு மாதிரி ஊதுது?”

தராசு போனின் சத்தத்தை அணைத்தார்.

தராசு என்பது அவருடைய பெயரல்ல. எடை அளவு ஆய்வாளர் உத்தியோகம் ஒட்டிவைத்த பெயர். முப்பத்தோரு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளையும் படிக்கற்களையும் அளவுக் குவளைகளையும் சோதித்து முத்திரை போடுவது அவர் வேலை. அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைவீதியிலுள்ள தராசு முட்களெல்லாம் தாமாக நடுவுக்கு வந்து விறைப்பாக நிற்கும் என்று பேச்சு. மனிதர்கள் சொன்னதை அவர் நம்பியதாகச் சரித்திரமே இல்லை. கருவி சொன்னால் மட்டும் கைகட்டிக் கேட்பார்.

எட்டு மாதத்துக்கு முன் மொட்டை மாடியில் பன்னிரண்டு சோலார் பேனல்கள் வந்து இறங்கியதும், அந்த விசுவாசம் மொத்தமும் போனிலிருந்த சோலார் செயலிக்குக் கைமாறியது. கண் விழித்தால் செயலி, கண் மூடினால் செயலி. பால்காரர், தபால்காரர், தவறான எண்ணை அழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்ட யாரோ ஒருவர், எல்லோருக்கும் அன்றைய யூனிட் எண்ணிக்கை வாசித்துக் காட்டப்பட்டது.

மனைவிக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டு பேரையும் கண்டாலே ஆகாது. அவள் துணி உலர்த்தும் கொடி இருந்த இடத்தில்தான் அவர்கள் சட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். போட்ட அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள்:

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இது என் வயித்துல புளியைக் கரைக்கட்டும். மறுநாளே கழட்டிட்டு என் கொடியைக் கட்டிடுவேன். அதுக்கப்புறம் யூனிட்டு கீனிட்டுன்னு வாயே திறக்கக் கூடாது.”

தராசும் சரியென்று கையடித்துக் கொடுத்திருந்தார்.

ஆகவே, இப்போது பிரச்சினை இரண்டு. மாடியில் தீப்பிடிக்கக் கூடாது. பிடித்தாலும் அது மனைவிக்குத் தெரியக் கூடாது.

பூனைநடை போட்டு மாடிக்கு ஏறினார். மாடி எப்போதும்போல் பளிச்சென்றிருந்தது. சோலார் கம்பெனி கொடுத்த பாதுகாப்புக் குறிப்பேட்டை வேதமாக எடுத்துக்கொண்ட மனிதர் அவர். பேனல்களுக்கு அடியில் ஒரு சருகு, ஒரு குச்சி, ஒரு காகிதத் துணுக்கு இருக்காது. தினமும் முட்டி போட்டுப் பெருக்குவார். சுற்றிலும் ஆள் நடக்க மூன்றடி வழி. வாசல் கேட்டில் ‘இவ்வீட்டில் சோலார் உள்ளது’ என்று, விமானத்திலிருந்து பார்த்தாலும் படிக்கக்கூடிய அளவில் சிவப்புப் பலகை.

பேனல்களின் வயர்களெல்லாம் வந்து கூடும் சாம்பல் நிற ஜங்ஷன் பாக்ஸ் நிழலில் சாதுவாக இருந்தது. அதன்மேல் ஓர் அணில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு, வயிற்றைக் குளிர வைத்தபடி குப்புறப் படுத்திருந்தது.

“ஐயோ பாவம், மயங்கிடுச்சே” என்றார் தராசு. பத்தடி தள்ளி நின்றபடியே கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார்.

“பதட்டப்படாதீங்க சார்” என்றாள் மறுமுனையில் ஒரு பெண். “மாடிப்படி பக்கத்துல இன்வெர்ட்டர் இருக்கும் பாருங்க. அதுக்குக் கீழ சிவப்புக் கைப்பிடி. அதைத் திருப்பி ஆஃப் பண்ணிடுங்க. மெக்கானிக் வந்துடுவாங்க. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க.”

தராசு கைப்பிடியைத் திருப்பினார். இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு அணைந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு செயலியைப் பார்த்தார்.

உற்பத்தி 2.9 கிலோவாட். வெப்பம் 74.

ஆஃப் செய்த பிறகு கூடுகிறது!

கைப்பிடியை மறுபடி திருப்பினார். மறுபடியும், மறுபடியும். ஆட்டுக்கல் சுற்றுவதுபோல் பதினேழு தடவை திருப்பிவிட்டுக் கடைசியில் ஆஃபிலேயே விட்டார். கருவி கேட்கவில்லை. சரி, வேரோடு பிடுங்கிவிடலாம் என்று கீழே ஓடி, வீட்டின் மெயின் சுவிட்சையும் இறக்கினார்.

சமையலறையில் மிக்ஸி பாதிச் சுருதியில் நின்றது.

“ஏங்க! கரண்ட் போச்சு!”

“ஆமாம்மா, ஊர் முழுக்கப் போயிருக்கு.”

“எதிர்வீட்ல டிவி பாடுதே?”

“அது... அது பேட்டரி டிவி.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏன் மூஞ்சியில பாதி நுரையோட சுத்தறீங்க?”

“கரண்ட் இல்லையே.”

“சவரக்கத்திக்கு எதுக்குங்க கரண்ட்டு?”

அதற்கு விடை தேடும் சாக்கில் தராசு மறுபடி மாடிக்குப் பாய்ந்தார். செயலி 3 கிலோவாட் காட்டியது. வெப்பம் 79. மறுபடி உதவி எண்.

“சார், வெயில் படற வரைக்கும் பேனல்ல கரண்ட் உண்டாகிட்டேதான் இருக்கும். அதை நிறுத்தணும்னா பேனலை மூடணும்...” என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். “ஆனா, அதை மெக்கானிக்தான் பண்ணணும், நீங்க கிட்டவே போகாதீங்க” என்று முடித்தாள். பாதி வாக்கியத்திலேயே போனை வைத்துவிட்டிருந்த தராசுக்கு இந்த இரண்டாவது பாதி போய்ச் சேரவில்லை.

முதலில் நாலு படுக்கை விரிப்புகள். ஒட்டடைக் கம்பின் நுனியில் மாட்டி, மீன்பிடி வலை வீசுவதுபோல் தூரத்திலிருந்தே வீசி மூடினார். செயலி 3 கிலோவாட்டிலேயே நின்றது. பிறகு கம்பளிகள். பிறகு ஹாலின் ஜன்னல் திரைகள். பிறகு சோபா உறை, மேஜை விரிப்பு, மகள் எப்போதோ கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுவந்த மெத்தை உறை. கடைசியில் தம்முடைய சட்டைகள். பன்னிரண்டு பேனல்களும் குளிர்ஜுரம் கண்ட நோயாளிகள்போல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன.

3.1 கிலோவாட். 84 டிகிரி.

கீழே ஹாலுக்கு வந்த மனைவி, ஜன்னலில் திரையில்லாததைக் கண்டாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் தம் ஜன்னலருகே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்து மரியாதையாகக் கையசைத்தார். அவளும் வேறு வழியில்லாமல் கையசைத்துவிட்டு, படியேறினாள்.

“இது என்ன கோலம்?”

இனி மறைப்பதில் பயனில்லை. தராசு போனை நீட்டினார். அவள் படித்தாள். நேராக ஜங்ஷன் பாக்ஸை நோக்கி நடந்தாள்.

“தொடாதே!” என்று தராசு போட்ட சத்தத்தில் அணில் எழுந்து, முறைத்துவிட்டுப் போயிற்று.

அவள் தொட்டாள். முழங்கையை ஊன்றிச் சாய்ந்தும் நின்றாள்.

“ஜில்லுனு இருக்கு.”

“வெளிய ஜில்லுனு இருந்தா உள்ள கொதிக்குதுன்னு அர்த்தம்.”

“யாரு சொன்னா?”

“ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தொட்டுப் பாரு. வெளிய சூடு, உள்ள ஜில்லு. இது அப்படியே அதுக்கு நேர் எதிர்.”

“ஏங்க, என் கை பொய் சொல்லுமா?”

“கைக்கு முத்திரை கிடையாதும்மா.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நுரை காய்ந்த இடது கன்னத்தில் அவள் பார்வை ஒரு கணம் கூடுதலாக நின்றது. பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். குரலை உயர்த்தாமல் அவள் சொன்ன எதையும் இதுவரை யாராலும் மாற்ற முடிந்ததில்லை.

“சூடோ ஜில்லோ, எனக்கு வேண்டாம். புளியைக் கரைச்சாச்சு. நாளைக்குக் காலைல பன்னெண்டும் கீழ இறங்கணும். வரும்போது அப்படியே ஒரு கொடிக் கயிறு வாங்கிட்டு வாங்க, நைலான்ல, நல்ல நீளமா.”

தராசின் கண்ணில் நீர் முட்டியது. “இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள பதினாறு யூனிட் தாண்டும்மா...”

“வாயே திறக்கக் கூடாதுன்னு பேச்சு.”

அதற்குள் பல் டாக்டர் தம் கார் உறையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய வாயையும் திறக்கச் சொல்ல முடியாததால், அன்று மட்டும் அவருக்குக் கை துறுதுறுவென்றிருக்கும்.

“தராசு சார், துணியெல்லாம் சரிப்படாது. இது தடிமன் பாருங்க, ரெண்டு பக்கமும் ரப்பர். சூரியனே வந்து தட்டினாலும் உள்ள விடாது.”

கார் உறையையும் போட்டார்கள். மூவரும் செயலியைச் சுற்றித் தலைகளை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

3.2 கிலோவாட். 88 டிகிரி.

டாக்டர் இரண்டடி பின்வாங்கினார். “ஆஃப் பண்ணியாச்சு, மெயினும் இறக்கியாச்சு, எட்டு அடுக்குத் துணி. இன்னும் கரண்ட் வருதா? சார், இது சோலார்தானே? வேற ஏதாவது போட்டுட்டுப் போயிட்டாங்களா?”

அவர் கை தண்ணீர்த் தொட்டியருகே இருந்த வாளியைத் தூக்கியது. “டாக்டர், அந்த வாளியைக் கீழ வைங்க” என்றார் தராசு.

“ஒரே ஒரு வாளி தண்ணி சார்...”

“கரண்ட் இருக்கற பேனல்ல தண்ணி ஊத்தினா முதல்ல போறது நீங்கதான்.”

டாக்டர் வாளியை வைத்துவிட்டு, கை சும்மா இருக்க மாட்டாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

நாலு தெரு தள்ளியிருந்த நிலையத்திலிருந்து வண்டி வந்து சேர்ந்ததை வர்ணிக்கத் தனிப் புத்தகம் வேண்டும். மூன்று மாதமாக ஓர் அழைப்புமில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தவர்கள் அவர்கள். மணியடித்ததும் வண்டியில் இடம்பிடிக்கத் தள்ளுமுள்ளாம். பதினோரு பேர் இறங்கினார்கள். பதினொன்றாவதாக நிலையத்துச் சமையல்காரர், கையில் கரண்டியோடு.

அதிகாரி மட்டும் நிதானமான மனிதர். அவசரப்படாமல் மாடியைச் சுற்றி வந்தார். குனிந்து பேனல்களுக்கு அடியில் பார்த்தார். சிவப்புக் கைப்பிடியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு சோலார் மாடியைப் பாத்ததில்லை. அடியில ஒரு சருகு இல்லை. வழி விட்டிருக்கீங்க, பலகை வெச்சிருக்கீங்க. போட்டோ எடுத்துப் போய்ப் பாடமே நடத்தலாம். மூடறதை மட்டும் நீங்க செஞ்சிருக்கக் கூடாது.”

“தொண்ணூத்தொண்ணு ஆயிடுச்சு” என்றார் தராசு, புகழுரை எதுவும் காதில் ஏறாமல்.

அதிகாரி இடுப்பிலிருந்து துப்பாக்கி போன்ற ஒரு சூடுமானியை எடுத்து, தூரத்திலிருந்தே ஜங்ஷன் பாக்ஸைக் குறிபார்த்தார். “முப்பத்திமூணு டிகிரி. சாதாரணமா இருக்கு.”

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்றாள் மனைவி.

தராசு கையை நீட்டினார். முப்பத்தோரு வருடப் பழக்கம். கை தானாக நீண்டது. அதிகாரியும் ஏனென்று தெரியாமலே கொடுத்துவிட்டார். தராசு கருவியைத் திருப்பினார், அடியில் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“இதுக்குக் கடைசியா எப்ப முத்திரை போட்டாங்க?”

“அது... போன வருஷம் இருக்கும்.”

“அதுக்கு முந்தின வருஷம். பதினெட்டு மாசமா காலாவதி. சட்டப்படி இது கருவி இல்லைங்க, பொம்மை.”

ஒன்பது வீரர்களும் தங்கள் பூட்ஸ்களைப் பார்த்தார்கள். சமையல்காரர் மட்டும் கரண்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், அதற்கும் முத்திரை கேட்டுவிடுவாரோ என்று.

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. “சரி சார். உங்க போன் சொல்றதையே வெச்சுக்குவோம். நாங்க இங்கிருந்து நகர மாட்டோம்.”

மாடி முழுக்க ஆட்கள். மணல் வாளிகள் வரிசை கட்டின. குழாய் தயாராக நின்றது. ஆனால், அதிகாரி சொல்லாமல் ஒரு சொட்டு விழக் கூடாது. பதினான்கு பேர், போர்த்திக்கொண்டு தூங்கும் பன்னிரண்டு பேனல்களை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரத்தில் நடந்தது என்னவென்றால், தராசின் சட்டை ஒன்று காற்றில் பறந்து பக்கத்துத் தெருவுக்குப் போனது. மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். வந்தவர்கள் வந்தவர்கள்தானே.

“எங்க ஸ்டேஷன்லயும் சோலார் இருக்குங்கம்மா” என்றார் சமையல்காரர் டீயை ஊதிக்கொண்டே. “ரொம்ப வசதி. பழைய அட்டைப் பெட்டி, சாக்கு எல்லாம் அதுக்கு அடியிலதான் அடுக்கி வெச்சிருக்கேன். மழை படாது பாருங்க.”

“அதை இங்க வந்து சொல்லணுமா?” என்று அதிகாரி பல்லைக் கடித்தார். பல் டாக்டர் அந்தக் கடியை அக்கறையோடு கவனித்தார்.

ஒரு வழியாகக் கம்பெனி மெக்கானிக் வந்து சேர்ந்தாள். நாற்பது வயதுக்காரி, தோளில் கருவிப் பை, காதில் பென்சில். மாடியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றாள்.

“துணிக்கடை யாரு போட்டது?”

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு சிவப்புக் கைப்பிடியைச் சோதித்தாள், ஆஃபில்தான் இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தாள்.

“எல்லாம் இறுக்கமா இருக்கு சார். சூடே இல்லை. ஒரு துளி கரண்ட் கீழ இறங்கல.”

“அப்ப இது?” தராசு போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். தொண்ணூற்று மூன்று.

அவள் போனை வாங்கினாள். செயலியில் ஏதோ ஒரு மூலையைத் தட்டி, ஒரு நீண்ட எண்ணை எடுத்தாள். குனிந்து, இன்வெர்ட்டரின் அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். மறுபடி போன். மறுபடி இன்வெர்ட்டர். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தாள்.

“சார், இந்த ஆப் உங்க இன்வெர்ட்டரோட சேரவே இல்லை. ஆப்ல இருக்கறது வேற நம்பர். அன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு இடத்துல போட்டோம். போன்ல பதிய வேண்டிய ஸ்டிக்கரை எங்க ஆளுங்க மாத்திக் குடுத்துட்டாங்க.”



“அப்ப எட்டு மாசமா நான் பாத்த யூனிட்டெல்லாம்?” என்றார் தராசு, ஈனஸ்வரத்தில்.

“வேற யாரோடதோ சார்.”

முதலில் சிரித்தது மனைவிதான். சாதாரணச் சிரிப்பல்ல. படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஊர்ல உள்ள தராசையெல்லாம் பிடிச்சீங்களே! சொந்த வீட்ல அடுத்தவன் கணக்கை எட்டு மாசமா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க!”

தராசு இடது கன்னத்தின் காய்ந்த நுரையைச் சுரண்டிக்கொண்டு நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜங்ஷன் பாக்ஸைப் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“பாவம், இது ஒரு தப்பும் பண்ணல. இருந்துட்டுப் போகட்டும். ஆனா, கொடி கட்ட எனக்கு அந்த ஓரத்துல இடம் வேணும். இனிமே சூடா இல்லையான்னு என் கைதான் சொல்லும். ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறேன்.”

“கைக்கு முத்திரை?”

“நானே போட்டுத் தர்றேன்.”

வீரர்கள் குழாயைச் சுருட்டினார்கள். பல் டாக்டர் கார் உறையைத் தேடினார். எல்லோர் முகத்திலும், பரீட்சை தள்ளிப்போன மாணவர்களின் களை. அதிகாரி மட்டும் நகரவில்லை. அவர் கடமை தவறாதவர்.

“ஒரு நிமிஷம். இங்க சூடு இல்லைன்னா, தொண்ணூத்திமூணு டிகிரியில வேற எங்கயோ ஒரு மாடி கொதிச்சுக்கிட்டிருக்கு. அந்த ஆளுக்குத் தெரியக்கூட தெரியாது. யாரும்மா அது? சட்டுனு கேட்டுச் சொல்லுங்க. எங்க ஆள் அத்தனை பேரும் ரெடியா இருக்கோம், ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா கூட இல்லை.”

“கேக்கறேங்க ஐயா.” மெக்கானிக் தன் ஆபீஸுக்குப் போன் போட்டு, அந்த நீண்ட எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். அதிகாரி சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, முழங்கால்மேல் வைத்து, விலாசம் எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்தார்.

மறுமுனையில் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

“எழுத வேண்டாங்க ஐயா, வழி உங்களுக்கே தெரியும், அது உங்க ஸ்டேஷன் மாடி.”